சம்பளத்தில் சேராத சாப்பாடு

கிண்ணியா அலையொளி உதைபந்தாட்டக் கழகத்தின் ஒன்பதாம் இலக்கச் சட்டையைப் பதினொரு வருடம் நான்தான் போட்டிருந்தேன். அந்தப் பதினொரு வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடத் துறைமுகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. இரண்டுக்கும் தொடர்பிருப்பதாகச் செயலாளர் றுவைஸ் கண்டுபிடித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர்.

அதனால் இந்த வருடம் எமானுவல் தெத்தே வந்தார். கானா நாட்டுத் தேசிய அணிக்கு ஆடியவர். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அவர் அடித்த கோல் பதினான்கு வினாடி வீடியோவாக இருக்கிறது. கிண்ணியாவில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. கொழும்பில் ஒப்பந்தம் முடிந்து சும்மா இருந்தவரை றுவைஸ் போனிலேயே பிடித்துவிட்டார்.

சிக்கல் சம்பளத்தில்தான். நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் பதினொரு பேரையும் வெளியூரிலிருந்து இறக்கிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஒரு கழகம் வீரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக்கில் எல்லை போட்டுவிட்டார்கள். எனக்குத் தந்துவந்த காசை வெட்டியும் தெத்தே கேட்டதில் பாதிக்குத்தான் இடம் வந்தது. றுவைஸ் விதிப் புத்தகத்தை மூன்று நாள் வைத்துப் படித்தார். உணவும் தங்குமிடமும் சம்பளத்தில் சேராது என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

தெத்தே சம்மதித்தார். கழக அறையில் கட்டில் போட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு இருபத்தாறு வீடுகள் முறை வைத்துப் பட்டியல் எழுதினோம். நான் மேலதிக வீரர் ஆனேன்; கோட்டுக்கு வெளியே எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது. கோபம் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கோபம் இருந்தது.

முதல் போட்டியில் தெத்தே மூன்று கோல் அடித்தார். முதல் வீட்டில் அவருக்குக் கோழிக் குழம்பு. இரண்டாவது வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டு நண்டும் சேர்த்தார். மூன்றாவது வீட்டில் மாட்டிறைச்சி, இறால், கணவாய், பிறகு ஒரு சட்டி எருமைத் தயிரும் பாணியும். அதற்குப் பிறகு கீழே இறங்க யாருக்கும் முகமில்லை. தெத்தே முதலில் படித்த தமிழ்ச் சொல் "காணும்", அதாவது போதும். விருந்தாளி காணும் என்றால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னோர் அகப்பை போடுவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம்.

இரண்டாவது போட்டியில் இரண்டு கோல், மூன்றாவதில் ஒன்று. அதன் பிறகு அவர் அடிக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவை எதிரணிகளும் பார்த்திருந்தபடியால் எப்போதும் இரண்டு பேர் அவரை மறித்துக்கொண்டு நின்றார்கள். மற்றப் பக்கத்தால் எங்கள் பொடியன்கள் அடித்தார்கள். தையல்காரி றுஷ்தா ஒன்பதாம் இலக்கச் சட்டையைப் பக்கத் தையல் பிரித்து இரண்டு முறை அகட்டிக் கொடுத்தாள். சாப்பாட்டைக் குறையுங்கள் என்று றுவைஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.

இப்படியே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். ஞாயிறு பின்னேரம் நான்கு மணி, நகர மைதானம், எதிரே கப்பல்துறை அணி. அன்று மதியம் பட்டியலில் என் வீடு.

காலையிலேயே றுவைஸ் படலையில் வந்து நின்றார்.

"சரீப் நானா, ரெண்டு இடியப்பம், ஒரு வாழைப்பழம். அதுக்கு மேல ஒண்டும் வேணாம். உங்கள நம்பித்தான் இந்த நாள உங்களுக்குப் போட்டனான்."

ஓம் என்றேன். பிறகு குசினிக்குப் போய் என் மனைவி உம்மு குல்சுமிடம் புரியாணி போடச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த மனிசனுக்கு ஓட ஏலாமப் போனா நீங்க விளையாடலாம். அதுதானே?"

அதுதான். எனக்கு முப்பத்தாறு வயது. அடுத்த வருடம் இந்த முழங்கால் ஒத்துழைக்குமா என்று தெரியாது. ஒரேயோர் இறுதிப் போட்டி, அதில் அரை மணித்தியாலம், அவ்வளவுதான் கேட்டேன். அதற்காக ஒரு விருந்தாளியைச் சாப்பாட்டால் விழுத்தப் போகிறேன் என்பது வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு வட்டிலப்பமும் செய்யச் சொன்னேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் வீடுகளில் விருந்தாளியைத் தனியாக இருத்திச் சாப்பாடு போடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டைப் பாயின் நடுவில் வைத்து வீட்டுக்காரனும் அதே தட்டில் கூடச் சாப்பிட வேண்டும். விருந்தாளி கையெடுக்கும்வரை அவன் கையெடுப்பது மரியாதையில்லை. நான் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன். இருபத்தைந்து வீட்டில் பழகியவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் தள்ளினேன். அவர் தள்ளினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். தட்டு காலியானபோது குசினியிலிருந்து இன்னொரு தட்டு வந்தது.

போட்டியின் அறுபதாவது நிமிடத்தில், இரு பக்கமும் கோல் இல்லாத நேரத்தில், தெத்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். றுவைஸ் என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன். கதிரையும் கொஞ்சத் தூரம் என்னோடு எழும்பியது.

எண்பத்தொன்பதாவது நிமிடம். வலது பக்கத்திலிருந்து எங்கள் பொடியன் அப்ராஸ் பந்தைத் தரையோடு குறுக்கே அனுப்பினான். கோல் காப்பாளர் விழுந்துவிட்டார், கம்பங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்தது. பதினொரு வருடமாக நான் கேட்டது அந்தப் பந்தைத்தான். ஓடினேன். அது எனக்கு ஒரு காலடி முன்னால் போய்விட்டது. அந்த ஒரு காலடியை நான் மதியம் சாப்பிட்டிருந்தேன். அடுத்த நிமிடம் கப்பல்துறை அடித்தது.

முடிந்த பிறகு தெத்தேவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் ஓடக் கூடாது என்றுதான் புரியாணி போட்டேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் தன் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். மேலதிக வீரரின் வயிறு நிறைந்திருந்தால் தன்னை வெளியே எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் தானும் இறைச்சியை என் பக்கம் தள்ளியதாகச் சொன்னார். இந்தக் கிண்ணத்துக்குப் பிறகு ஆடத் தன்னை எந்தக் கழகமும் கூப்பிடவில்லை என்றும் சொன்னார்.

வெற்றி விருந்தைக் கிண்ணியாவில் ஏற்கெனவே சமைத்துவிட்டார்கள். சமைத்ததை வீச ஏலாது என்பதால் பாலம் தாண்டி ஊருக்குப் போய் எல்லாரும் சாப்பிட இருந்தோம். எங்கள் இருவரையும் ஒரே சஹனில் விட்டார்கள். நடுவில் நல்ல துண்டு ஒன்று கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒருவரும் தள்ளவில்லை.

"காணும்," என்றார் தெத்தே.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அவர் சொல்லி நம்பிய முதல் ஆள் நான்தான். இருவரும் கை கழுவ எழும்பினோம்.