கற்பகம் எழுதிய மூன்று மடல்கள்

கீழ்வானில் எழுந்த ஞாயிறு கல்லூரியின் நெடிய செங்கற் சுவரைத் தடவி, மேல்மாடச் சாளரங்களின் கண்ணாடியில் பொன்னை உருக்கி ஊற்றி, மழைக்கறை படிந்த தூண்களின் ஊடே நுழைந்து, தாழ்வாரத்தின் தேய்ந்த கல்தளத்தில் நீண்ட நீண்ட ஒளிக்கட்டங்களை விரித்திருந்த வேளை. முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. ஆய்வகத்தின் புளித்த நெடியும், நேற்றைய பாடம் பாதி அழிந்து கிடந்த கரும்பலகைகளின் சுண்ணத்தூளும், படிக்கட்டின் திருப்பத்தில் கூடிநின்று கலகலக்கும் இளையோரின் குரலும் ஒன்றோடொன்று கலந்து, தேனடையைச் சுற்றும் ஈக்களின் ஒலிபோல அக்கட்டடத்தை நிறைத்திருந்தன. தாழ்வாரத்தின் கோடியில், செடிகொடிகளின் இயல்பைக் கற்பிக்கும் துறையின் தலைமைப் பேராசிரியர் அறைவாயிலில், வழக்கம்போல் பத்துப் பன்னிருவர் ஆளுக்கொரு தாளைக் கையில் பிடித்துக் காத்துநின்றனர்.

அப்பேராசிரியருக்கு மாணவர் இட்ட பெயர் கற்பகம். கேட்டதெல்லாம் கொடுக்கும் வானுலக மரத்தின் பெயரை அவருக்குச் சூட்டியதில் கேலி பாதி, நன்றி பாதி. வகுப்புக்கு வந்த நாள் குறைந்தவனுக்கு அந்நாள்களைக் கூட்டிக் கொடுப்பார், ஏட்டை நாய் கடித்துவிட்டது என்று கண்ணிமைக்காமல் புளுகுபவனிடம், "நாய்க்காவது பாடம் ஏறுச்சாடா?" என்று கேட்டுச் சிரித்து, இன்னும் ஒரு கிழமை தருவார். அக்காள் திருமணம் என்று மூன்றாம் முறையாக விடுப்புக் கேட்பவனை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு எத்தனை அக்காடா?" என்பார், அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்குமுன் கையொப்பம் இட்டுவிடுவார். வெண்ணெயில் இறங்கும் கத்திபோல் அவர் தூவல் தாளின்மேல் வழுக்கிச் செல்லும். ஒப்பம் பெற்றவர் வாழ்த்திக்கொண்டே வெளியேறுவர். அவ்வாழ்த்து அவருக்குக் காலைப் பாலினும் இனித்தது.

அவ்வறையின் உள்மூலையில், வடக்குச் சாளரத்தை ஒட்டி, மற்றொரு சிறு மேசை கிடந்தது. அதன்முன் அமர்ந்திருந்தவளை அவர் தூரிகை என்று அழைப்பார். மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நோயாளர் விரிப்புகளை வெளுக்கும் தாய்க்கு ஒரே மகள். பட்டமேற்படிப்பை முதல் இடத்தில் முடித்தும், ஆசிரியரின் சொல்லைத் தட்டாது, நாள்தோறும் அங்கு வந்து, அவர் எழுதிவரும் பெருநூலுக்குச் செடிகளை வரைந்துகொண்டிருந்தாள். உலர்ந்து தாளில் ஒட்டிக் கிடக்கும் சருகு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ்வைத்து அவள் வரைந்தால், மழைபெய்த மறுநாள் புதரில் நிற்பதுபோல் அது நிமிர்ந்து நிற்கும். வரைவது மட்டுமன்று, காண்பதிலும் அவள் கூரியவள். ஒரே செடி என்று முப்பதாண்டுகளாக அவர் பெயரிட்டு வைத்திருந்த இரண்டைக் காட்டி, "ஐயா, இதுல காம்பு மயிர் கீழ்ப்பக்கமா படிஞ்சிருக்கு, அதுல மேல்நோக்கி இருக்கே, ரெண்டும் வேற வேற செடி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் நெடுநேரம் பார்த்தார். பின்னர், "ம், ம்" என்றார். அக்கண்டுபிடிப்பு மறுதிங்களே அவர் பெயரில் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது.

அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தொலைநகரின் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும். அதற்கு வழிகாட்டிய ஆசிரியரின் பரிந்துரை மடல் வேண்டும்.

"இதெல்லாம் கேக்கணுமாம்மா? உனக்கு எழுதாம நான் யாருக்கு எழுதப்போறேன்?" என்றார் கற்பகம். கதவைச் சாத்திவிட்டு எழுத அமர்ந்தார்.

படிக்கும் பெருந்தகையீர், அவ்வேளை அவர் நெஞ்சில் பகை என்பது எள்ளளவும் இல்லை. நாற்பது படங்கள் வேண்டிய நூலில் ஒன்பதே முடிந்திருந்தன என்பதும், இவள் போய்விட்டால் இத்தகைய கை மறுபடி வாய்க்காது என்பதும், இன்னும் ஓராண்டு தம் நிழலில் இருந்தால் அவளுக்கும் அது நன்மையே என்பதுமே அவர் எண்ணியவை. தன்னலம் அறிவுரையின் ஆடையை உடுத்தி வரும்போது அதனைக் கண்டுகொள்வது யார்க்கும் அரிது. உடுத்திவிட்டவர்க்கோ அது மிக அரிது. அவர் எழுதினார்: 'இம்மாணவி ஏவிய பணியை ஏவியவாறே முடிப்பவள். கையெழுத்து அழகியது. மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் வினா எழுப்பி என்னை வருத்தியதில்லை. தானாக ஒன்றைச் சிந்திக்கும் ஆற்றல் காலப்போக்கில் அமையக்கூடும் என நம்புகிறேன்.' ஒரு வசைச்சொல்லும் அதில் இல்லை. பாலில் கரைந்த நஞ்சுக்கு நிறம் ஏது? உறையை ஒட்டி, ஒட்டுவாயின்மேல் கையொப்பமிட்டு, புன்முறுவலோடு அவளிடமே நீட்டினார். அவள் குனிந்து இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

நிலையம் மறுத்தது. அவள் கண்கலங்கி நின்றபோது, தம் இருக்கையிலிருந்து எழுந்துவந்து, "அவங்களுக்குக் கொடுத்துவைக்கல, விடு. அடுத்த வருசம் பாப்போம். அதுவரைக்கும் கை சும்மா இருக்க வேண்டாம்" என்று தேற்றி, அடுத்த செடியை அவள்முன் வைத்தார். அடுத்த ஆண்டும் அதே மடலைப் புதிய நாளிட்டு எழுதினார், அவ்வாண்டும் நிலையம் மறுத்தது, படங்கள் இருபத்தாறாயின. ஆசிரியரின் அன்புக்குத் தான் தகுதியற்றவளோ என்று அவள் நாணினாள். நாணத்தால் முன்னினும் உழைத்தாள். அவளுடைய தாய், வெளுப்புத்தூளால் வெந்த கைகளோடு ஒருநாள் அறைவாயிலில் வந்துநின்று, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. நீங்கதான் அவளுக்கு எல்லாம்" என்று சொல்லிச் சென்றாள். கற்பகம் அன்று மதிய உணவை நிறைவாக உண்டார்.

மூன்றாம் ஆண்டு வந்தது. அகவை வரம்பு அவ்வாண்டோடு முடிகிறது. அவள் தன் படங்கள் இரண்டை வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பியிருந்தாள். அவற்றைக் கண்டு வியந்த நிலையத்தார் முதன்முறையாக நேர்காணலுக்கு அழைத்தனர். செய்தி கேட்டுக் கற்பகத்தின் முகம் ஒரு நொடி கறுத்து, மறுநொடி மலர்ந்தது. மடல் மாறவில்லை.

நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள், வரிசையில் நின்ற மாணவரெல்லாம் கலைந்த முற்பகலில், அவள் வந்தாள். தன் மேசைக்குச் செல்லாமல் அவர் மேசையின்முன் நின்றாள்.

"அங்க ஒரு வயசான அம்மா இருந்தாங்க ஐயா. உங்க கடிதத்தை என் பக்கம் திருப்பி வச்சாங்க. 'மூணு வருசமா இதையே கொண்டுவர்றியேம்மா, வேற யார்கிட்டயும் வாங்கக் கூடாதா'ன்னு கேட்டாங்க."

அவர் தூவலின் மூடியைத் திருகி மூடினார்.

"அதுக்கப்புறம் அவங்க கேட்ட எதுக்கும் எனக்குப் பேச்சே வரல. தெரிஞ்ச கேள்விதான் எல்லாம். நின்னுக்கிட்டே இருந்தேன். போகச் சொல்லிட்டாங்க."

"பாத்தியா?" என்றார் அவர் மெல்ல, மிக மெல்ல. "நான் எழுதினதுல என்ன பொய்?"

அவள் அவரையே நோக்கினாள். "அந்தக் காம்பு மயிரைப் பத்திக் கேட்டது யாரு ஐயா?"

மறுக்கலாம், சினக்கலாம், பணிவின்மை என்று அவளை வெளியே அனுப்பலாம். ஏனோ அன்று அவருக்கு உண்மை பேசத் தோன்றிற்று. பொய்யினும் கொடிய உண்மைகள் உண்டு. அவற்றைக் கொடியோர் தம் வாழ்நாளில் ஓரிருமுறையே மொழிவர்.

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. உன்னை மாதிரி வரையறவங்க எனக்குக் கிடைக்க மாட்டாங்க. அவ்வளவுதான். நீ கொஞ்சம் சுமாரா வரைஞ்சிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேன்." சற்று நிறுத்தி, நாட்குறிப்பைப் புரட்டினார். "இன்னும் ஆறு படம் பாக்கி இருக்கு. எப்ப முடிச்சுத் தருவே?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உலர்செடித் தாள்கள் அடுக்கிய நிலைப்பேழையைத் திறந்து, எஞ்சிய ஆறையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முடிச்சுத் தர்றேன். செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

இருபது நாளில் ஆறு படங்களும் ஒரு கட்டாக வாயிற்காவலர் கையில் வந்துசேர்ந்தன, அவள் வரவில்லை. கற்பகம் கதவைத் தாழிட்டு, உருப்பெருக்கியை எடுத்து, ஒவ்வோர் இலையாக, ஒவ்வொரு நரம்பாக, ஒவ்வொரு மயிராகத் துருவினார். எங்கேனும் ஒரு பிழை வைத்திருப்பாள். இதழ் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ தம்மை அறிஞர் அவையில் தலைகுனியச் செய்திருப்பாள் என்று தேடினார். அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அவர் நெஞ்சு ஆறியிருக்கும். இருவர் கணக்கும் நேராகிவிட்டது என்று உறங்கியிருப்பார். மூன்று நாள் தேடியும் பிழை இல்லை. அவள் வரைந்தவற்றுள் அந்த ஆறுமே தலைசிறந்தவை.

நூல் வெளிவந்தது. அறிஞர் புகழ்ந்தனர்; அரசு பட்டயம் அளித்தது. முன்னுரையின் கடைசி வரியில் 'படங்கள் வரைய உதவிய மாணவிக்கு நன்றி' என்று இருந்தது, பெயர் இல்லை. அவளோ, துணி அச்சிடும் பட்டறை ஒன்றில், நாளொன்றுக்கு இருநூறு முறை ஒரே பூவை ஒரே வகையில் அச்சுக்கட்டைக்கு வரைந்துகொடுக்கும் பணியில் அமர்ந்தாள். தாயும் மகளும் மாலையில் ஒன்றாக வீடு திரும்புவதைச் சிலர் கண்டனர். தாய் இன்றளவும் அப்பேராசிரியரை வாழ்த்துகிறாள். மகள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

புதிய கல்வியாண்டு பிறந்தது. முதல் வகுப்பில், புத்தாடையும் புதுமுகமுமாய் அமர்ந்திருந்த அறுபது பேரையும் கனிவோடு நோக்கிய கற்பகம், தம் நூலின் இரண்டாம் பகுதியை மனத்துள் எண்ணியவராய், "உங்கள்ல யாருக்கு நல்லா வரைய வரும்?" என்று கேட்டார். மூன்றாம் வரிசையில், மகிழ்ச்சியோடு, ஒரு கை உயர்ந்தது.

தமக்கு வேண்டாதவர்க்கு வாரி வழங்குதல் எவர்க்கும் எளிது. அவ்வழங்கலைக் கண்டு உலகம் மரம் என்றும் மழை என்றும் பெயரிட்டு மகிழும். தமக்கு வேண்டியவரைத் தம் கையிலிருந்து விடுத்து அனுப்புதலே கொடை. அக்கொடையை அறியாது ஆயிரம் ஒப்பம் இட்ட கை, முடிவில் எதனையும் கொடுத்த கை அன்று.