மங்களத்தின் பேரில் ஒரு மேசை

கமலவேணி எந்தக் கடைக்குச் சாப்பிடப் போனாலும் மேசை மங்களத்தின் பேரில்தான் பதிவாகியிருக்கும். தன் பேரைச் சொன்னால் போச்சு. அடுப்படியில் உள்ள நல்ல துண்டெல்லாம் அவள் தட்டுக்கு வந்து சேரும். பக்கத்து மேசைக்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பார். மலாக்கா டவுனில் ஒரு காப்புறுதி ஆபீசில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது அவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட இன்னொரு வேலை. கிளேபாங் ரோட்டோரக் கடையில் தொடங்கி, பெரிய தட்டுக்கு நடுவில் ஒரு வாய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கி நிற்கும் ஹோட்டல்கள் வரை எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருக்கிறாள். டாக்டர் வீடுகளிலும் லாயர் வீடுகளிலும் அவள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பிறந்தநாளுக்கு எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். முகத்தாட்சண்யம் என்ற சொல்லே அவள் அகராதியில் கிடையாது.

கட்டுப்பாடுகள் மட்டும் உண்டு. தட்டில் என்ன வந்ததோ அதைத்தான் எழுதுவாள். பத்திரிகை வெளிவரும்வரை சமையல்காரரோடு பேசமாட்டாள். பேசிவிட்டால் அந்தக் கடையைப் பற்றி எழுதமாட்டாள்.

இதில் கொழுத்தது மங்களம்தான். பள்ளிக்கூடத்துத் தோழி, தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். கறுப்பு ஸ்டவுட்டைத் தவிர வேறெதையும் அவள் மதுவகையில் சேர்த்ததில்லை. ஆனாலும் அவள் பேரில் மேசை இருப்பதால், மெர்லிமாவிலிருந்து ஜாலான் முன்ஷி அப்துல்லா வரை பரிமாறுகிறவர்கள் அவளைப் பார்த்துத்தான் தலைகுனிவார்கள். அவளும் அதை இத்தனை வருஷமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் பெம்பானைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த பழைய துரை பங்களாவுக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் ஹோட்டல்களில் சமைத்துவிட்டு ஊர் திரும்பிய வசந்தன் அங்கே ஒரு கடை திறந்திருந்தான். கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். வெள்ளைத் துணி விரித்த சில மேசைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமாக ஒரு பானம். பானங்களைக் கலப்பது அவன் தங்கை வாணி. போய்ச் சாப்பிட்டவர்கள் நன்றாகத்தான் சொன்னார்கள். ஆனால் போனவர்கள் குறைவு. செம்பனைக்குள் எவன் போவான், திரும்பி வரும்போது காட்டுப்பன்றி குறுக்கே வரும் என்று டவுன்காரர்கள் சாக்குச் சொன்னார்கள்.

முதல் பானத்தை வாணியே கொண்டுவந்து வைத்தாள். புதிய தென்னங்கள்ளு, கொஞ்சம் வெள்ளை ரம், தென்னைவெல்லமான மலாக்காச் சீனியின் பாகு, நசுக்கிய கஸ்தூரி எலுமிச்சங்காய். கள்ளைக் காலுள்ள கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் காசு பிடுங்கும் கூட்டம் என்று திட்டுவதற்குக் கமலவேணி வரும்போதே வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். பிறகு குடித்தாள். கள்ளின் புளிப்பு முதலில் வந்தது, இனிப்பு தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது, கடைசியில் நாக்கு சுத்தமாக இருந்தது. தயாராக வைத்திருந்த வாக்கியம் வீணாய்ப் போனதில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மங்களத்துக்கு வாய் சும்மா இருக்காது. தோட்டத்தில் கடை எப்படி ஓடுகிறது என்று வாணியைத் தோண்ட ஆரம்பித்தாள். பங்களாக்காரர் இந்த மாசக் கடைசிவரைதான் தவணை கொடுத்திருக்கிறார் என்றும், அதற்குள் மேசைகள் நிறையாவிட்டால் கல்யாண மண்டபமாக்கிவிடப் போகிறார் என்றும் அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

“பேப்பர்ல யாராச்சும் நல்லதா நாலு வார்த்த எழுதுனாதான் உண்டுக்கா. இல்லன்னா அண்ணன் மறுபடி சிங்கப்பூருக்குத்தான் போவணும்.”

மங்களத்தின் பார்வை தோழியின் பக்கம் பாயப் பார்த்தது. கமலவேணி மேசைக்கடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

தட்டுகள் வந்தன. காசளவு இறால் வடை, பனிக்கட்டிபோல் குளிர்ந்த தெளிந்த ரசம், அதோடு இஞ்சிப்பூ போட்ட ஜின். புளியில் வெந்த மீன், அதற்குக் கறிவேப்பிலை வாசத்தோடு ஒரு பானம். எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. இவன் பிழைத்துக்கொள்வான் என்று கமலவேணி மனசுக்குள் எழுதவே தொடங்கிவிட்டாள்.

நாலாவதாக ஆட்டுக்கறி வந்தது. எலும்போடு வேகவைத்து, மிளகும் மல்லியும் தேங்காய்ப்பாலுமாய்ச் சுண்டக் காய்ச்சிய குழம்பு மேலே பளபளத்தது. ஒரு துண்டை வாயில் வைத்தாள். கறி பூவாய்க் கரைந்தது. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொரு துண்டை வைத்தாள். உப்புக் குறைவில்லை, உப்பே இல்லை.

மங்களம் மென்றாள், நிறுத்தினாள், சுற்றிப் பார்த்தாள். பெரிய இடத்துச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போல என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி மென்றாள். மற்ற மேசைகளிலும் அதே கதைதான். நடு மேசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர், கண்ணை மூடிச் சுவைத்து, ருசி எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பார் என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றார். இதே கறி பசாரில் ஒரு கடையில் வந்திருந்தால் டத்தோ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்.

கமலவேணிக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இவ்வளவு கை தெரிந்தவன் எப்படி உப்பை விடுவான்? அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பங்களாவின் ஓரத்தில் மரத்தடியில் முனியாண்டி சாமி. சூலத்தில் எலுமிச்சம்பழம், விளக்கு, பெரிய வாழையிலை. இலையில் வடை, மீன், ஆட்டுக்கறி, பக்கத்தில் காலுள்ள கண்ணாடியில் அந்தக் கள்ளுப் பானம், ஒரு ஸ்டவுட் போத்தல், ஒரு சுருட்டு. இன்றைக்கு அவர்கள் சாப்பிட்ட அத்தனையும் அவர்களுக்கு முன்னால் சாமி சாப்பிட்டிருந்தார்.

மங்களம் கேட்காமலே வாணி சொன்னாள். வருஷப் பூசை. அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம். சமையலறையில் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று கட்டளை; சாமிக்குப் போகும் பண்டம் எச்சிலாகக் கூடாதே. பூசாரி வந்து படையலை முடித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் டத்தோ குடும்பம் வந்துவிட்டதால் அண்ணன் இலையில் கை வைக்காமலே அடுப்புக்கு ஓடிவிட்டான். எல்லாரும் போன பிறகுதான் விரதம் முடிப்பானாம்.

கமலவேணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாணியின் பானங்கள் தப்பித்தன, ஏனென்றால் அவள் எதையும் அளவுக் கிண்ணத்தில் பிடித்துத்தான் ஊற்றுகிறாள். மீனுக்கு ஊறவைக்கும் உப்புத் தண்ணீர் நிறுத்துப் போட்டது. கறி அப்படியில்லை. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பதால் நல்ல சமையல்காரன் கடைசியில்தான், நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உப்புப் போடுவான். இன்றைக்கு நாக்கில் வைக்கும் அந்த வேலை கிடையாது. அதோடு சேர்ந்து உப்பும் போய்விட்டது. பக்தி இருந்ததால் வந்த வினை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சும்மா இருந்தால், தட்டில் வந்ததை எழுதவேண்டும். ஆட்டுக்கறியில் உப்பில்லை என்று ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தால், மாசக் கடைசியில் இங்கே பந்தல் போட்டு மாப்பிள்ளை அழைப்பார்கள். உள்ளே போய்ச் சொன்னால் அவள் யார் என்று தெரிந்துவிடும், பிறகு எழுதவே முடியாது. எழுதாவிட்டாலும் அதே பந்தல்தான். இந்த ஒரு பையனுக்காக மனசு இப்படி அடித்துக்கொள்வது அவளுக்கே புதிதாக இருந்தது.

வாணி அடுத்த கண்ணாடியை வைக்க வந்தபோது, கமலவேணி அந்த மாலையில் முதன்முறையாக வாயைத் திறந்தாள். எழுதுகிறவளாக இல்லை, ஊரில் எந்த அக்காவும் பேசுவதுபோல்தான் பேசினாள்.

“ஏம்மா, படையல் முடிஞ்சு இவ்ளோ நேரமாச்சு. வெரதம் இருந்தவரு இன்னும் சாப்புடல. எலைய ஆறப் போட்டுட்டு எங்களுக்குப் பரிமாறுனா அது மொறையா? அண்ணன கூப்ட்டு ஒரு வாய் சாப்புடச் சொல்லு. அந்தக் கறில ஒரு துண்டு போதும்லா.”

வாணி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜன்னல் வழியே தெரிந்தது. வெள்ளை ஏப்ரனோடு வசந்தன் அவசரமாக வந்து, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, இலைக்கு முன்னால் குந்தினான். ஒரு கறித் துண்டை எடுத்து வாயில் போட்டான். மென்றான். பிறகு மெல்லவில்லை. குந்தியபடியே இருந்தான். கமலவேணிக்கு அந்த முதுகைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒளிந்துகொள்ள அவனுக்கு ஒரு வழி இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாரும் பாராட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பேசாமல் அடுத்த தட்டை அனுப்பியிருக்கலாம்.

அவன் ஒரு மங்குக் கிண்ணம் நிறைய உப்போடு கூடத்துக்கு வந்தான். நேராக டத்தோவின் மேசைக்குப் போனான். கறியில் உப்புப் போட மறந்துவிட்டதாகவும், வேண்டுமானால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு தருவதாகவும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். டத்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு உப்பே தேவையில்லை. யாரும் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வசந்தன் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து, பந்தியில் இலையின் ஓரத்தில் வைப்பதுபோல், ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டே வந்தான்.

கடைசியாக இவர்கள் மேசை.

“சாமிக்கும் உப்பில்லாமதான்கா வெச்சிருக்கேன்” என்றான். மங்களத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. பிறகு கமலவேணி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான்.

“நீங்க யாருனு வாணிக்கு மொத கிளாஸ்லயே தெரிஞ்சிருச்சு. குடிக்கிறதுக்கு முன்னாடி அப்டி மோந்து பாக்குற ஆளு இந்த மலாக்காவுல வேற யாரு?”

கமலவேணிக்கு முகம் சூடாகிவிட்டது. தெரிந்தும் ஏன் தனக்கென்று ஒரு நல்ல துண்டு அனுப்பவில்லை என்று கேட்டாள். எல்லாத் துண்டும் நல்ல துண்டுதான் என்றான் அவன். தன் கட்டுப்பாட்டைச் சொன்னாள். பேசிவிட்டதால் இனி எழுத முடியாது என்றாள்.

“எழுதுங்கக்கா. உப்பில்லனும் எழுதுங்க. நடந்தது நடந்துபோச்சு.”

வீட்டுக்கு வந்து அவள் வெகுநேரம் எதையும் எழுதவில்லை. மறுநாள் காலையில் காப்பியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தாள். இத்தனை வருஷக் கட்டுப்பாட்டை உடைக்கவும் மனசில்லை, அந்தப் பையனைப் பந்தலுக்குக் காவு கொடுக்கவும் மனசில்லை. கடைசியில் முதல் வரியை இப்படி வைத்தாள்: ‘இந்தக் கடையின் சமையல்காரரோடு நான் பேசிவிட்டேன், ஆகவே இது விமர்சனம் ஆகாது.’ இரண்டாவது வரி: ‘ஆட்டுக்கறியில் உப்பில்லை.’ அதற்குப் பிறகு எழுத்து தானாக ஓடியது. முனியாண்டி சாமியை எழுதினாள், இலையை எழுதினாள், குந்தியிருந்த முதுகை எழுதினாள், உப்பு மங்கோடு மேசை மேசையாக வந்தவனை எழுதினாள். டத்தோவை மட்டும் பேர் சொல்லாமல் விட்டாள். கள்ளுப் பானத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. திங்களும் செவ்வாயும் ஒரு செய்தியும் இல்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று ஆபீசில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. மங்களம் தினமும் போன் பண்ணி ஏதாவது தெரிந்ததா என்று உயிரை வாங்கினாள். அதற்கு அடுத்த வாரம் பொறுக்கமாட்டாமல் இவளே கடைக்குப் போன் போட்டாள்.

வாணிதான் எடுத்தாள். குரல் மூச்சு வாங்கியது. சனி, ஞாயிறு இரண்டும் நிறைந்துவிட்டதாம். வருகிறவர்களெல்லாம் அண்ணனே வந்து உப்பு வைக்கவேண்டும் என்று கேட்கிறார்களாம். கறியில் உப்புப் போட்டிருக்கிறது என்று சொன்னாலும் விடுவதில்லையாம். பங்களாக்காரர் நேற்று குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டு, மண்டபப் பேச்சையே எடுக்காமல் போனாராம்.

கமலவேணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேருக்கு மேசை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றாள் வாணி. மங்களம் அக்கா பேரில்தானே போடவேண்டும் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் போனது. எத்தனையோ வருஷம், எத்தனையோ மேசை. எங்கேயும் அவளுக்காக என்று ஒருவரும் ஒரு தட்டைச் சமைத்ததில்லை, அவள்தான் விட்டதில்லை.

“இல்லம்மா. இனிமே ஒங்கள பத்தி என்னால எழுத முடியாது. சும்மா சாப்புடத்தான் வரேன். கமலவேணினு போடு.”