பெயர் வெட்டின ஓடு

எங்கள் வீட்டு சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டா திரும்பி வர வேறு வழியில்லை. பெயர் இல்லாத பாத்திரம் கொண்டுபோனவளுக்குத்தான் சொந்தம். நான் பட்டவள்.

போன வருஷம் நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர் மேட்டில் அகழாய்வுக்குக் குழி தோண்டினார்கள். கூலிக்குப் போனேன். நாலாம் குழியில் குந்தியிருந்து பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளும்போது ஒரு கறுப்புப் பானை ஓடு தலைகாட்டியது. மேலே கீறல். எழுத்து என்று எனக்குப் பட்டது. சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டது நான்தான். அது ‘சாத்தன்’ என்ற பெயர் என்று பிறகு படித்துச் சொன்னார்கள்.

இதை என் மகள் சிநேகா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். “களையெடுக்கிற ஒங்கம்மாவா? புளுகாதடி” என்றாளாம் கூடப் படிக்கிற உமாமகேஸ்வரி. மூன்று நாளாக என் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் குடும்ப நாள். உமாமகேஸ்வரியும் வந்திருந்தாள். பிள்ளைகள் மணல் தொட்டியில் பானை தோண்டிக்கொண்டிருக்க, சிநேகா என்னைக் கண்ணாடிப் பெட்டிக்கு இழுத்துப் போனாள். உள்ளே என் ஓடு. அட்டையில் ‘கண்டெடுத்தவர்: ஆய்வுக் குழு’. பக்கத்துப் படத்தில் அகழாய்வுப் பொறுப்பாளர் பாண்டித்துரை சார் ஓட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஓரத்தில் பச்சை வளையல் போட்ட என் கை மட்டும் தெரிகிறது.

“அது யாரு கையோ” என்றாள் உமாமகேஸ்வரி.

சிநேகா தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பக்கத்து மேசையில் ஜெயப்பிரியா என்ற வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு ஓடும் ஆணியும் கொடுத்து, சுவரில் மாட்டிய பழைய தமிழ் எழுத்து அட்டவணையைப் பார்த்துப் பெயர் கீறச் சொன்னாள்.

“அப்ப எதுக்கும்மா பேரு கீறுனாங்க?” என்று கேட்டேன்.

“பானை யாரோடதுன்னு தெரியத்தான்க்கா.”

அடி சக்கை, எங்கள் அண்டா கதைதான். உட்கார்ந்து என் பெயரைக் கீறினேன். கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டி மேல், அந்த அட்டைக்கு நேராக வைத்தேன்.

பாண்டித்துரை சார் வந்துவிட்டார். “அது வீட்டுக்குக் கொண்டு போறதும்மா. இங்கன வைக்கக்கூடாது, எடு.”

“எடுக்க மாட்டேன் சார். அன்னைக்கு நாலாங்குழியில யாரு கூப்பிட்டு நீங்க ஓடி வந்தீக?”

“வேலை செஞ்சவங்க பேரைப் போடுற வழக்கமில்ல.”

“சாத்தனும் வேலை செஞ்சவனாத்தான் இருப்பான். அவன் பேரு இருக்குல்ல.”

கூட்டம் கூடிவிட்டது. அவர் ஓட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் அதற்குக் குறுக்கே என் கையை ஊன்றினேன். அதே பச்சை வளையல், படத்துக்குப் பக்கத்திலேயே.

உமாமகேஸ்வரி படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துப் பார்த்து என் ஓட்டை எழுத்துக் கூட்டினாள்.

“பூ... ம... யி... ல்.”

சிநேகா தலையை நிமிர்த்தினாள்.

“சத்தமா வாசிடி” என்றாள்.