பியற்றிஸ் ரீச்சர் சேர்த்துச் சொன்ன வாக்கியம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறில், லண்டன் வால்தம்ஸ்டோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பத்தாவது ஆண்டு விழா. தலைவர் சபாரத்தினம் மேடையேறி, பள்ளி 'நலன்விரும்பிகள் சிலரால்' தொடங்கப்பட்டது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் 'சிலர்' ஒரே ஆள், பெயர் பியற்றிஸ். அந்தப் பெயரை ஏன் சொல்லவில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். பழைய கதை எதற்கு என்று அவர் கைபேசியில் அழைப்பு வந்தவர் மாதிரி முகத்தைத் திருப்பி... (பொய். அப்போது அவரிடம் ஏது கைபேசி? வெறுமனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பியற்றிஸ் ரீச்சர் ஒரு மெழுகுவர்த்தியாய்..." (வேண்டாம். ஆள் உயிரோடு இருக்கிறார்.)

"பருத்தித்துறையில் கணிதம் படிப்பித்தவர், லண்டனுக்கு வந்து..." (இதுவும் வேண்டாம். இதற்குக் கண்ணீர்தான் வரும். எனக்கு வேண்டியது கோபம்.)

நேராகவே சொல்கிறேன். கிழமை நாட்களில் அவர் உள்ளூர் கவுன்சில் நடத்தும் ஒரு பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். மீதி நேரமெல்லாம், ஆங்கிலம் பேசத் தெரியாதவர்களுக்கு அவர்தான் வாய். அரச உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகம், வக்கீல், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கூடவே போவார். சம்பளம் கிடையாது.

3

எண்பத்தொன்பதில், விழுங்க முடியவில்லை என்ற சிவனேஸ்வரியை டொக்டரிடம் கூட்டிப்போனார். சிவனேஸ்வரி சபாரத்தினத்தின் மனைவி. (இந்த இரண்டு பெயரும் நான் வைத்தவை. தன் பெயரை மட்டும் மாற்றக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை.) கழுத்து நீலம் பாரித்திருந்தது. எப்படி வந்தது என்று டொக்டர் கேட்டார்.

"படியிலை விழுந்திட்டன் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

ரீச்சர் அதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார். பிறகு யாரும் சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: இவரைக் கணவர் நெரித்திருக்கிறார்.

"படிக்கு விரல் இருக்கோ தம்பி?" என்று, வருடங்கள் கழித்து இதைச் சொல்லும்போது என்னிடம் கேட்டார்.

டொக்டர் அறிவித்ததில், கவுன்சிலிலிருந்து வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்தது. சபாரத்தினம் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். அடுத்த கிழமை தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சிவனேஸ்வரியை எழுப்பிக் கேட்டார்கள்.

"நான் விழுந்தனெண்டுதான் சொன்னனான்."

அதில் பொய்யே இல்லை. அந்த உண்மையை வைத்தே ரீச்சரைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள்.*

* அன்று மொழிபெயர்ப்பவரின் ஒழுக்கம் பற்றி வெகுநேரம் பேசினார்களாம். கழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

4

முதல் பிரதியில் இந்த இடத்தில், "சிவனேஸ்வரி மனதுக்குள் ரீச்சரிடம் மன்னிப்புக்..." என்று எழுதி அடித்துவிட்டேன். அவளுடைய மனம் எனக்கு எப்படித் தெரியும்? அவளோடு நான் பேசியதே இல்லை. சொல்லாததைச் சொன்னதற்காக ஒரு ஆசிரியையைத் துரத்தினார்கள். எழுத்தாளன் முழு நேரமும் அதைத்தான் செய்கிறான், அவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

5

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. சிவனேஸ்வரி பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறலாம். (நீங்கள் விரும்புவீர்கள்.) பள்ளி ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்கலாம். (நான் சிரிப்பேன்.)

நடந்தது வேறு. விலக்கப்பட்ட பிறகு ரீச்சர் அப்டன் பார்க்கில், ஒரு கடையின் மேல்மாடியில் கொஞ்சப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். தமிழ் படிப்பிக்க அவருக்கு மிஞ்சியது அந்த வகுப்புத்தான். கடை சபாரத்தினத்தின் மச்சானுடையது; சபாரத்தினம் ஒரு சொல் சொன்னால் வகுப்பு மூடப்படும். வேறு இடம் தர ஆளில்லை. ஆண்டு விழா முடிந்த சில நாளில், வகுப்பு நடக்கும்போது சிவனேஸ்வரி படியேறி வந்தாள். கழுத்தைச் சால்வையால் சுற்றியிருந்தாள். மறுநாள் டொக்டரிடம் கூட வரமுடியுமா என்று கேட்டாள். இப்போது கவுன்சிலே மொழிபெயர்க்க ஆள் அனுப்புகிறதே என்றார் ரீச்சர்.

"அவை வந்தால், நான் சொல்லுறதை மட்டுந்தான் சொல்லுவினம்."

இது ரீச்சர் காதால் கேட்டது. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

ரீச்சர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். போனார் என்றால் மெச்சுவீர்கள், போகவில்லை என்றால் குறை சொல்வீர்கள். இரண்டுக்கும் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. பின்னால் பிள்ளைகள் கொப்பியோடு காத்திருக்கிறார்கள், கீழே மச்சான் கடையில் நிற்கிறார், அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.