அக்காவும் தங்கையும் படித்த துப்பறியும் கதைகள்

புது நூலகக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வரணும் என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேருந்தை விட்டு இறங்கியதும் லைப்ரரியம்மாவின் கால்கள் விழாப் பந்தலின் பக்கம் போகவில்லை. நேரே பால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள்.

அந்தப் பின்னறைதான் பழைய நூலகம். இப்போது அங்கே மாட்டுத்தீவன மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அலமாரிகள் நின்ற இடத்தில் மட்டும் சுவரின் சுண்ணாம்பு மங்காமல் இருந்தது. இத்தனூண்டு அறையா இது? இதற்குள்ளா அத்தனை புத்தகமும், அத்தனை ஜனமும், அத்தனை சண்டையும் இருந்தன?

அவள் இங்கே வேலைக்கு வந்தபோது கல்லூரிப் படிப்பின் சூடுகூட ஆறவில்லை. கல்யாணமாகாத பெண்ணை வந்த அன்றைக்கே 'லைப்ரரியம்மா' ஆக்கிவிட்டார்கள். தலை நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான் யாரையோ என்று திரும்பிப் பார்த்தாள். காலையில் முன்னறையில் பால் கேன்கள் உருளும் சத்தம் ஓய்ந்தபிறகுதான் பின்னறையில் செய்தித்தாளைப் பிரிக்க முடியும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் லேசாகப் பால் வாசனை அடிக்கும்.

அந்த ஊரில் துப்பறியும் கதை என்றால் உயிரை விடுகிற ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தையல்காரி, இன்னொருத்தி முட்டைக்காரி. இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஆனால் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், மற்றவள் செருப்பைப் பார்ப்பாள்.

காரணம் ஊருக்கே தெரியும். தங்கை ஒரு லாரி டிரைவரைத் தானே பார்த்துத் தானே பேசி முடித்துக் கட்டிக்கொண்டாள். அதைக்கூட அக்கா பொறுத்திருப்பாள். கல்யாணத் துணியை வெளியூரில் கொடுத்துத் தைத்துக்கொண்டாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊரில் பிறந்த குழந்தைக்கெல்லாம் சட்டை தைத்துப் போட்டவள், கூடப்பிறந்தவளின் கல்யாணத்துக்கு ஒரு தையல் போடவில்லை. அன்றைக்கு மூடிய வாயை இருவருமே திறக்கவில்லை.

தையல்காரி காலையில் வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பாள். கோழிகளை அடைத்துவிட்டு முட்டைக்காரி சாயங்காலம் வந்து அதையே எடுத்துப் போவாள். ஒரு நாள் முட்டைக்காரி வந்த வேகத்தில் புத்தகத்தை மேஜைமேல் ஓங்கி வைத்தாள்.

"லைப்ரரியம்மா, இது நியாயமா நீங்களே சொல்லுங்க. கதை இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அதுக்குள்ள பாருங்க."

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'கிழவன்தான் கொலைகாரன். மேலே படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.'

"யார் எழுதினாங்கன்னு தெரியலையே..."

"எனக்குத் தெரியும். இந்த 'ழ'வோட வாலைப் பாருங்க, எருமை வால் மாதிரி. எனக்கு எழுதக் கத்துக் கொடுத்தவளே அவதான். நானும் அப்படித்தான் எழுதுவேன்!"

புத்தகத்தில் கிறுக்குகிறவரின் உறுப்பினர் அட்டையை ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. புது வேலை, புதுக் கண்டிப்பு. மறுநாள் காலையில் லைப்ரரியம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். எழுதினதைக் காட்டியதும் கொஞ்சமும் மழுப்பவில்லை.

"நான்தான் எழுதினேன்."

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? அவங்க ஆசையா படிக்கிறாங்க."

தையல்காரி அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"கோபம் வரும்ல? கோபம் வந்தா நேரா என் கடைக்கு வந்து நாலு வார்த்தை திட்டுவான்னு நெனச்சேன். உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா. அழுத்தக்காரி."

லைப்ரரியம்மாவுக்கு அதற்குமேல் கண்டிப்பு வரவில்லை. ரப்பரை எடுத்துக் கையில் கொடுத்தாள். தையல்காரி அங்கேயே உட்கார்ந்து, எழுதினதை அழித்து, தூளை ஊதிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில் லைப்ரரியம்மா சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களும் கதை கேட்கட்டுமே என்று ஆரம்பித்தது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். நீதிக்கதை வாசித்தாள், மழை விட்டதும் அவர்களும் போய்விட்டார்கள். பால் அளக்கிறவர்தான் மனசு கேட்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், அதுவும் கொட்டாவி விட்டுக்கொண்டே.

தையல்காரியின் பேச்சைக் கேட்ட பிறகு லைப்ரரியம்மா நீதிக்கதையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். புதிதாக வந்திருந்த துப்பறியும் நாவலை யார் கண்ணிலும் காட்டாமல் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். 'சனிக்கிழமை கொலை வாசிக்கப்படும்' என்று கரும்பலகையில் எழுதிப் பால் நிலையத்து வாசலில் சாத்தி வைத்தாள்.

கூட்டம் அலைமோதியது. காலிப் பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா கதவோரம், தங்கை ஜன்னலோரம். கதையில் நகை வியாபாரி ஒருவரைப் படுக்கையிலேயே யாரோ விஷ ஊசி போட்டுத் தீர்த்துவிட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் டாக்டர், சமையல்காரி, வியாபாரியின் அக்கா மகன். வாரா வாரம் கதை நகர்ந்தது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் லைப்ரரியம்மா புத்தகத்தைப் படக்கென்று மூடினாள்.

"கொன்னது யாரு? நீங்க சொல்லுங்க. அப்புறம்தான் மீதி."

ஆளாளுக்குக் கத்தினார்கள். பால் அளக்கிறவர் சமையல்காரிமேல் பழியைப் போட்டார். ஜன்னலோரத்திலிருந்து முட்டைக்காரி எழுந்தாள்.

"டாக்டர்தான். மருந்து அவன் கையிலதானே இருக்கு?"

கதவோரத்திலிருந்து, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல், தையல்காரியின் குரல் வந்தது.

"டாக்டருக்குக் கை நடுங்குதுன்னு வாசிச்சாங்களே. காதுல விழலையோ என்னமோ சில பேருக்கு."

"நடுங்குற மாதிரி நடிக்கிறான்! அதுகூடத் தெரியாம சில பேரு கதை கேக்க வந்துட்டாங்க."

"நடிக்கிறவன் தனியா இருக்கும்போது எதுக்குடி நடுங்கணும்? டீயைக் கொட்டினானே, அப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

அந்த 'டி' விழுந்ததும் எல்லார் தலையும் கதவோரம் திரும்பியது. பால் அளக்கிறவர் கேனில் இருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். முட்டைக்காரி முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள். அழப்போகிறாள், அல்லது வெளியே போகப்போகிறாள் என்றுதான் லைப்ரரியம்மா நினைத்தாள்.

"ஜன்னலுக்கு வெளியே சமையல்காரி நின்னாளேக்கா," என்றாள் அவள். "நீ ஒழுங்கா கேக்கலை."

"நான் கேக்கலையா? நீதான் பாதி நேரம் கோழியை நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தே!"

பிறகு யார் சொல்லி யார் நிறுத்துவது? லைப்ரரியம்மா ஒருவழியாகக் கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்தாள். கொலைகாரன் வியாபாரியின் அக்கா மகன். அக்காள் தங்கை இருவருமே அவன்மேல் சந்தேகப்படவில்லை. "இதெல்லாம் ஒரு கதையா?" என்று எழுதினவரை இருவரும் சேர்ந்து திட்டிக்கொண்டே, ஒரே டார்ச் வெளிச்சத்தில் தெருவில் இறங்கி நடந்தார்கள். அதன்பிறகு பல வருஷம் அந்த ஊரில் சனிக்கிழமை வாசிப்பு நின்றதேயில்லை. லைப்ரரியம்மா மாற்றலாகிப் போன அன்றைக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஊரே நின்றது.

"அங்க தீவன மூட்டைகிட்ட என்ன பண்றீங்க? விழா ஆரம்பிச்சாச்சு!"

திரும்பினாள். முட்டைக்காரி. தலை முழுக்க வெளுத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பந்தலில் முதல் வரிசையில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் மங்கிவிட்டது. காதும் மந்தம். இப்போது தங்கையின் வீட்டோடு வந்துவிட்டாளாம்.

"நான்தான் படிச்சுக் காட்டுறேன்," என்றாள் முட்டைக்காரி. "இவளுக்குக் கேக்கணும்னு கத்திப் படிச்சா, தெருவே கதை கேக்குது. எதிர்வீட்டுக்காரி நேத்து வந்து, அந்த மருமக தப்பிச்சாளா இல்லையான்னு கேட்டுட்டுப் போறா."

தையல்காரி லைப்ரரியம்மாவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். விரல் மெதுவாகத் தோளுக்கு ஏறி, ரவிக்கையின் தையலில் நின்றது.

"இதை எவன் தச்சான்? தோள்ல தூக்கிக்கிட்டு நிக்குது."

"ரெடிமேட்க்கா."

"நல்லாவா இருக்கு? வீட்டுக்கு வா, இவளைப் பிரிச்சுத் தைச்சுத் தரச் சொல்றேன்."

மேடையில் யாரோ கம்ப்யூட்டர்களைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அக்காவும் தங்கையும் உரக்கச் சண்டை போட ஆரம்பித்தார்கள். பின்வரிசைக்காரர் 'உஷ்' என்றார். நடுவில் உட்கார்ந்திருந்த லைப்ரரியம்மா பையை மடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலப் பேருந்துக்குப் போகவேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.