கடல் பார்த்த ஜன்னல்

துருக்கியின் கருங்கடல் கரையிலிருக்கும் சினோப்பில் ஜூலை மாதத்துக் காற்றுக்கும் சால்வை வேண்டும். அந்தக் குளிர்ச்சியைத் தேடித்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் கோட்டைக்குள்ளிருக்கும் பழைய சிறையைப் பார்க்காமல் போவதில்லை. ஒரு காலத்தில் கப்பல் கட்டிய இடம், பிறகு சிறை, இப்போது அருங்காட்சியகம். ஷெங்குல் டிக்கெட் வாங்கி வந்தபோது அவள் அம்மா நெபியே சிவப்புச் சால்வையை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“உள்ள போறதுக்கு டிக்கெட்டா?”

காவலாளி சிரித்தான். “காலம் மாறிடுச்சு பெரியம்மா.”

“எங்க வீட்டுக்காரர் வருஷக்கணக்கா இலவசமா இருந்தாருப்பா.”

அவன் சிரிப்பு நின்றது. “வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

அந்த வருஷங்களில் நெபியே அயன்ஜிக் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். கம்பிக்குப் பின்னால் கணவன் ரிஃபாத்தைப் பார்ப்பாள். பிறகு மதிலுக்கு வெளியே, அலையடிக்கும் பாறைமேல் நின்று சால்வையை ஆட்டுவாள். அடுத்த முறை அவர் சொல்வார்: “மேல்மாடிக் கடைசி அறை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். மழை வந்தும் நகரலையே, பைத்தியக்காரி!” ஒரு பிப்ரவரியில் ஈரக்குளிர் நெஞ்சில் இறங்கி, அவர் உள்ளேயே இறந்துபோனார். அதன்பின் அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. சாவதற்குள் அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இன்றைக்குத்தான் மகளோடு கிளம்பி வந்தாள்.

மேல்மாடிக் கடைசி அறை. ஜன்னல் ஆளுயரத்துக்கும் மேலே இருந்தது. அதற்கு அந்தப்புறம் முற்றம், அப்புறம் மதில்.

“கடல் தெரியற ஜன்னல் எதுப்பா?”

“இங்க எதுலயும் கடல் தெரியாது பெரியம்மா. சத்தம்தான் கேக்கும்.”

படம் எடுத்துக்கொண்டிருந்த புதுஜோடி, “கொஞ்சம் நகர்றீங்களா?” என்றது. நெபியே நகர்ந்துகொண்டாள்.

“அப்போ வேற மாதிரி இருந்திருக்கும்மா,” என்றாள் ஷெங்குல்.

“கல்லுச் சுவர் இடம் மாறுமாடி? மழைச் சத்தத்தக் கேட்டுட்டு என்னப் பாத்ததா சொல்லியிருக்காரு மனுஷன்.” அவள் சுவரில் கை வைத்தாள். கோடையிலும் ஈரம். “நானும் ஒரு தடவகூட வாய்விட்டுக் கூப்பிடலையே. பாக்கறாரே, எதுக்குக் கத்தணும்னு இருந்துட்டேன். கத்தியிருந்தா கேட்டிருக்குமோ என்னமோ.”

சால்வையைச் சரிசெய்துகொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“நீ இங்கயே நில்லு. நான் கீழ போய்க் கூப்பிடறேன். கேக்குதான்னு சொல்லு.”

ஷெங்குல் ஜன்னலடியில் காத்திருந்தாள். அலை, காற்று, மறுபடி அலை. பிறகு மெலிதாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, அம்மாவின் குரல். அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

“ரிஃபாத்! நான் இங்கதான் நிக்கறேன்!”

ஷெங்குல் பாறைக்கு இறங்கிப் போனபோது அம்மாவின் பாவாடை நனைந்திருந்தது.

“கேட்டுச்சா?”

ஷெங்குல் சால்வையை அம்மாவின் தோளில் இழுத்துவிட்டாள். “இல்லம்மா. அலைச் சத்தம்தான்.”

நெபியே மகளின் முகத்தையே பார்த்தாள்.

“அப்படியே உங்கப்பாதான்டி நீ,” என்றாள்.