உதயசூரியனின் நவஹோ கம்பளம்

பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையில் நாலாவது மாடியில் குடியிருக்கும் உதயசூரியனிடம் மூன்று நவஹோ கம்பளங்கள் இருந்தன. அமெரிக்கப் பாலைவனத்துப் பழங்குடிப் பெண்கள் கையால் நெய்தவை, ரொம்பப் பழசு. யாங்கோனைவிட்டுக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்புவது அவர் தொழில். அப்படிக் கிளம்பிய ஒரு அமெரிக்க அம்மாளிடம் வாங்கியதுதான் முதல் கம்பளம். நாட்டு நிலவரம் மோசமாக ஆக ஆக, அவருடைய சேகரிப்பு செழித்தது.

வருகிறவர்களைக் கம்பளங்கள் மாட்டிய சுவர் முன்னால் நிறுத்திவிடுவார். "இந்தப் பழுப்பு வால்நட் தோலுல எடுத்தது. மஞ்சள், காட்டுப்பூ. ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது" என்பார். யாரும் தொடக்கூடாது. மனைவி சத்யபாமா மீன் பொரித்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். புகை சாயத்துக்கு ஆகாதாம்.

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை மதியம், நிலம் ஆடியது. உதயசூரியன் பெரிய கம்பளத்தைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினார். தெருவுக்கு வந்தபின்தான் மூச்சு விட்டார்.

டீக்கடை கோ நைங் கேட்டான்: "சத்யாம்மா எங்கே?"

உதயசூரியன் மாடியை அண்ணாந்து பார்த்தார். திரும்ப மேலே ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் சத்யபாமாவே வாசலில் தெரிந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, மேல்வீட்டில் முழங்கால் வலியோடு கிடந்த பர்மியப் பாட்டி டோ மிண்ட்டையும் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். கணவரைப் பார்த்தாள், பிறகு அவர் தோளைப் பார்த்தாள்.

"என்னையும் சுருட்டித் தூக்கிட்டு வந்திருக்கலாமேங்க."

"அவசரத்துல... கைக்குக் கிடைச்சதை..."

"கை செவுத்துக்குத்தான் போச்சு. அடுப்பங்கரைக்குப் போகல."

டோ மிண்ட்டால் நிற்க முடியவில்லை. நடைபாதை வெயிலில் கொதித்தது. சத்யபாமா கம்பளத்தைக் கணவர் தோளிலிருந்து உருவி மரநிழலில் விரித்தாள். டோ மிண்ட் உட்கார்ந்தார். பின்னாலேயே தெருவே உட்கார்ந்தது. கோ நைங் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தான். ஒரு குவளை பழுப்புக் கட்டத்தின் மேல் கவிழ்ந்தது. உதயசூரியன் பல்லைக் கடித்துக்கொண்டார். எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

"மெத்துன்னு இருக்கே, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று டோ மிண்ட் பர்மியத்தில் கேட்டார்.

"கடையில கிடைக்காது. இது இவரோட உயிர்" என்றாள் சத்யபாமா.

வெகுநேரம் நின்று உதயசூரியனுக்குக் கால் கடுத்தது. கடைசியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஓரமாக, அதன்மேல் முதல்முறையாக உட்கார்ந்தார். சத்யபாமா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவரோடு பேச்சு மட்டும், ஏப்ரலில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடியும்வரை இல்லை.